காட்டை அப்படியே விட்டுவைத்தால் காணாமல் போகும் காட்டுக்கொடி: பிரிட்டனின் ‘வுட் வெட்ச்’

பிரிட்டனில் ஒரு ரயில் பாதையோ வீட்டு மனைத் திட்டமோ மரக்கூட்டம் ஒன்றின் ஓரத்தைத் தொட்டுவிட்டால், செய்திகளில் ‘தொன்மைக் காடு’ என்ற சொல் வந்துவிடும். லண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கும் ஹெச்எஸ்2 அதிவேக ரயில் பாதைக்காகப் பழைய காட்டுத் துண்டுகள் வெட்டப்பட்டபோது எழுந்த போராட்டங்களிலும் மையச் சொல் இதுதான். செய்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஓரிடத்தில் குழப்பம் வரும். காட்டின் பழமையைச் சொல்ல மரத்தின் வயதைப் பார்க்காமல், காலடியில் கிடக்கும் பூண்டுகளையும் கொடிகளையும் எண்ணிக்கொண்டிருக்கிறார்களே, இது என்ன கணக்கு?

அந்தக் கணக்கில் இடம்பெறும் செடிகளுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘வுட் வெட்ச்’, தாவரவியலில் ‘விசியா சில்வாட்டிகா’. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் அது. ‘சில்வாட்டிகா’ என்றால் காட்டுக்குரியது. செல்போன் செயலியில் படம் பிடித்துக் கேட்டால் பெரும்பாலும் ‘ஏதோ ஒரு வெட்ச்’ என்ற அளவில் பதில் நின்றுவிடும். அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வெட்ச் என்பது என்ன?

அவரைக் குடும்பத்தில், பட்டாணியின் நெருங்கிய உறவு. நம் சமையலறையில் இருக்கும் பட்டாணி, மைசூர் பருப்பு, விற்பனைத் தடைக்கு உள்ளான கேசரிப் பருப்பு ஆகிய மூன்றும் வெட்ச்களும் ஒரே கிளையைச் சேர்ந்தவை. மரபணு ஆய்வுகள் வந்த பிறகு இந்தக் கிளைக்குள் யார் எந்தப் பேரினம் என்பதே ஆட்டம் கண்டுவிட்டது. சில புதிய நூல்கள் வுட் வெட்ச்சை ‘எர்விலியா’ என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டன. இரண்டு பெயரையும் பார்த்தால் இரண்டு செடி என்று எண்ண வேண்டாம்.

பள்ளியில் பட்டாணிப் பூவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இதன் பூ புதிதல்ல. மேலே நிமிர்ந்து நிற்கும் கொடி இதழ் ஒன்று, பக்கவாட்டில் சிறகு இதழ்கள் இரண்டு, அடியில் ஒட்டிக்கொண்டு படகு வடிவில் இரண்டு. உள்ளே பத்து மகரந்தத்தாள்கள். ஒன்பது ஒட்டியிருக்க, ஒன்று தனித்திருக்கும். வேரில் முடிச்சுகள், அவற்றுக்குள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியா. அதனால்தான் மண் வளம் குறைந்த சரிவிலும் இதனால் தாக்குப்பிடிக்க முடிகிறது.

அடையாளம் காண இன்னும் மூன்று உறுப்புகளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். ஒரே காம்பின் இருபுறமும் சிறகுபோல அடுக்கப்பட்டவை சிற்றிலைகள். மொத்தமும் சேர்ந்து ஒரே இலை, கூட்டிலை. அந்த இலையின் நுனி நூலாக நீண்டு பக்கத்தில் இருப்பதைச் சுற்றிப் பிடித்தால் அது பற்றுக்கம்பி. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல்போல ஒட்டியிருப்பது இலையடிச் செதில். பலரும் பூவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெட்ச்களைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்வது பெரும்பாலும் அந்தச் சின்னச் செதில்தான்.

முதல் பிரிப்பு: வெட்சா, லாத்திரஸா?

ஐரோப்பியக் காட்டு ஓரத்தில் பட்டாணி போன்ற கொடி ஒன்றைக் கண்டால், அது விசியா பேரினமா, லாத்திரஸ் பேரினமா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். கேசரிப் பருப்பு லாத்திரஸ் வகை.

1. தண்டைத் தொட்டுப் பாருங்கள். லாத்திரஸ் இனங்கள் பலவற்றில் தண்டின் இருபுறமும் மெல்லிய தகடுபோல விளிம்பு ஓடும். வெட்ச்சில் அப்படி இருக்காது. வரிகளோ கோணங்களோ மட்டும் தெரியும்.

2. சிற்றிலைகளை எண்ணுங்கள். லாத்திரஸில் பொதுவாகச் சில இணைகளே, அவையும் பெரியவை. வெட்ச்களில் பெரும்பாலும் நிறைய, சிறியவை.

3. இன்னும் விரியாத இளம் சிற்றிலையைப் பாருங்கள். வெட்ச்சில் புத்தகம் மூடியதுபோல நடுவில் மடிந்திருக்கும். லாத்திரஸில் பாய்போலச் சுருண்டிருக்கும்.

4. கைவசம் உருப்பெருக்கி இருந்தால் பூவுக்குள் இருக்கும் சூலகத் தண்டின் நுனியைப் பாருங்கள். லாத்திரஸில் பல் துலக்கும் பிரஷ்போல உட்பக்கத்தில் மட்டும் மயிர். வெட்ச்சில் சுற்றிலுமோ வெளிப்பக்கத்திலோ குஞ்சமாக இருக்கும்.

நான்கில் ஒன்றை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது. முதல் இரண்டுக்கும் விலக்குகள் உண்டு.

வுட் வெட்ச்சின் அடையாளங்கள்

வெட்ச் என்று உறுதியான பிறகு, இந்த ஒன்றைத் தனித்துக் காட்டுபவை இவை:

1. பல்லாண்டுக் கொடி. ஆண்டுதோறும் அடியிலிருந்து துளிர்த்து, புதர்மேல் ஏறி 2 மீட்டர் வரை போகும். ஏறப் புதர் கிடைக்காத இடத்தில் தரையில் மெத்தைபோலப் படரும்.

2. இலைக்கு 5 முதல் 12 இணைச் சிற்றிலைகள். நுனியில் கிளைத்த பற்றுக்கம்பி. இந்தக் கிளைத்த கம்பியை மறக்காதீர்கள், அடுத்த பகுதியில் தேவைப்படும்.

3. இலையடிச் செதிலின் அடிப்பகுதி ரம்பம்போலப் பல பற்களாகக் கிழிந்திருக்கும்.

4. நீண்ட காம்பில், ஒரே பக்கமாகச் சாய்ந்து தொங்கும் பூக்கள். ஒரு கொத்தில் 20 வரை. ஒவ்வொரு பூவும் ஏறக்குறைய 12 முதல் 20 மி.மீ. நிறம் வெள்ளை, கொடி இதழ்மேல் நீலமும் ஊதாவும் கலந்த மெல்லிய நரம்புகள், மை பேனாவால் கோடு இழுத்ததுபோல. தள்ளி நின்று பார்த்தால் சாம்பல் பூத்த வெளிர் ஊதா போலத் தோன்றுவதற்குக் காரணம் இந்த நரம்புகள்தான்.

5. பூக்கும் காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நீண்ட நாக்கு கொண்ட பம்பிள்பீ வண்டுகள் தேடி வரும்.

6. காய் 3 செ.மீ.க்குள் அடங்கும்; மயிர் இல்லாதது; முற்றினால் கறுத்துவிடும். உலர்ந்ததும் நெற்றின் இரு பாதிகளும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறடிக்கும்.

ஏமாற்றும் உறவுகள்

‘டஃப்டட் வெட்ச்’ (விசியா கிராக்கா) பிரிட்டனில் எல்லா வேலியோரங்களிலும் உண்டு. அதுவும் ஒருபக்கக் கொத்துதான், ஆனால் பூ சிறியது, நெருக்கமானது, அடர் நீல ஊதா. செதிலில் பற்கள் இல்லை. கொஞ்சம் பழகிவிட்டால் குழப்பம் வராது.

‘புஷ் வெட்ச்’ (விசியா சேப்பியம்) காட்டு ஓரத்தில் வுட் வெட்ச்சுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். 2 முதல் 6 மங்கலான ஊதாப் பூக்கள், காம்பே இல்லாததுபோல இலைக் கக்கத்தில் ஒட்டியிருக்கும். இதன் இலையடிச் செதிலில் ஒரு கரும்புள்ளி தெரியும். அது அழுக்கல்ல, தேன்சுரப்பி. பூவுக்கு வெளியே சுரக்கும் அந்தத் தேனுக்காக எறும்புகள் செடியைச் சுற்றிவரும். இலை தின்னும் பூச்சிகளுக்கு அது சங்கடம். பூக்காத காலத்திலும் இந்தப் புள்ளியை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம், ஆனால் ‘காமன் வெட்ச்’ எனப்படும் விசியா சட்டைவாவிலும் இதே புள்ளி உண்டு. அது ஓராண்டுச் செடி. கக்கத்துக்கு ஓரிரு பூ மட்டும்.

உண்மையான சிக்கல் ‘வுட் பிட்டர் வெட்ச்’ (விசியா ஒரோபஸ்). பூவைப் பார்த்தால் வித்தியாசம் சொல்வது கடினம்: அதே வெள்ளை, அதே ஊதா நரம்பு. பெயரிலும் ‘வுட்’ இருக்கிறது. இங்கேதான் பற்றுக்கம்பி கைகொடுக்கிறது. ஒரோபஸுக்குப் பற்றுக்கம்பி கிடையாது. இலை ஒரு குட்டை முனையோடு முடிந்துவிடும். பற்றிக்கொள்ள வழியில்லாததால் கொடியாக ஏறாது, அரை மீட்டர் உயரத்தில் செடியாக நிமிர்ந்து நிற்கும். பெயருக்கு ஏற்றபடி அடர்ந்த காட்டில் தேடினாலும் கிடைக்காது. வேல்ஸ் போன்ற மேற்குப் பகுதிகளின் வைக்கோல் புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் இருப்பதுதான் அதிகம்.

பெயர்க் குழப்பம் அதோடு தீரவில்லை. வெறும் ‘பிட்டர் வெட்ச்’ என்று சொன்னால் அது வெட்ச்சே அல்ல, லாத்திரஸ் லினிஃபோலியஸ். தண்டில் தகடு விளிம்பு, பற்றுக்கம்பி இல்லை, 2 முதல் 4 இணைச் சிற்றிலை. இதன் வேர்க்கிழங்கை ஸ்காட்லாந்து மலைநாட்டினர் பசி தெரியாமல் இருக்க மென்றிருக்கிறார்கள். மக்கள் வாயில் வழங்கும் பெயரை வைத்து அடையாளம் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த மூன்று பெயரும் போதும்.

‘மண்ணுக்குரியது’ என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பனியுகம் முடிந்தபின், மனித உதவியின்றித் தானாக வந்து சேர்ந்த தாவரங்களைப் பிரிட்டனில் இயல் தாவரம் என்கிறார்கள். மனிதர் வழியாக வந்தவற்றை 1500ஆம் ஆண்டைக் கோடாக வைத்து இரண்டாகப் பிரிப்பது வழக்கம்: அதற்கு முன் வந்தவை பழைய வரவு, பின் வந்தவை புது வரவு.

வுட் வெட்ச் சந்தேகமின்றி இயல் தாவரம். ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை பரவிய இனத்தின் மேற்கு விளிம்பு பிரிட்டனும் அயர்லாந்தும். எல்லா வெட்ச்களுக்கும் இப்படிச் சொல்ல முடியாது. தீவனத்துக்காகவும் நிலப்போர்வைப் பயிராகவும் கொண்டுவரப்பட்ட மயிர் அடர்ந்த விசியா வில்லோசா புது வரவு. காமன் வெட்ச்சின் கதை இன்னும் சிக்கல்: அதன் உள்ளினங்களில் ஒன்று இயல் தாவரம், மற்றவை தீவனப் பயிராக வந்து தப்பியவை. ஆக, ‘காட்டு வெட்ச் பார்த்தேன்’ என்ற பதிவுக்குப் பாதுகாப்புக் கணக்கில் மதிப்பில்லை. இனத்தின் பெயர் வேண்டும், சில நேரம் உள்ளினத்தின் பெயரும் வேண்டும்.

காடு என்றால் நிழல் அல்ல

இனி வாழிடம். ‘காட்டுக்குரியது’ என்ற பெயரை நம்பி மர அடர்த்தி மிகுந்த இடத்துக்குள் போனால் வுட் வெட்ச் கண்ணில் படாது. அது இருக்கும் இடங்களைப் பட்டியலிட்டால் முதலில் விசித்திரமாகத்தான் இருக்கும்: காட்டின் விளிம்பு, காட்டுக்குள் போகும் அகன்ற தடங்களின் ஓரம், மரம் விழுந்த திறப்புகள், பாறைச் சரிவு, புதர்க்காடு. அதோடு கடலோரக் குன்றுகள், கூழாங்கல் திட்டுகள்! காட்டுச் செடிக்குக் கடற்கரையில் என்ன வேலை? திணை மயக்கம் என்று நம் இலக்கண ஆசிரியர்கள் ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த இடங்களுக்குப் பொதுவானவை எவை என்று பார்த்தால் விசித்திரம் குறைந்துவிடும்.

1. வெளிச்சம். எங்குமே மேல் விதானம் முழுதாக மூடியிருக்கவில்லை.

2. ஏறவோ படரவோ தோது. புதர், விழுந்த கிளை, சரிந்த கல்.

3. மேய்ச்சல் குறைவு. அவரைக் குடும்பத்துக் கொழுந்து ஆட்டுக்கும் மானுக்கும் விருப்பமான தீனி. செங்குத்துக் குன்றிலும் பள்ளத்தாக்குப் பாறையிலும் ஆடு எட்டாது.

4. நிலம் அவ்வப்போது கலைவது. சரிவு, மரவீழ்ச்சி, வெட்டு என ஏதோ ஒன்று பழைய செடிகளின் ஆதிக்கத்தை உடைக்கிறது.

அப்படியானால் உள்நாட்டுக் காடுகளில் இத்தனை நூற்றாண்டு வெளிச்சத்தை யார் திறந்துவைத்தது? மனிதர்கள்தான். இங்கிலாந்தின் பழைய காடுகளில் பெரும்பகுதி ‘காப்பிஸ்’ முறையில் நடந்தவை. ஹேசல், ஆஷ், ஓக் மரங்களைத் தரையொட்டி வெட்டிவிட்டு, அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பதை வளரவிட்டு மறுபடி வெட்டுவது. கரும்பில் மறுதாம்பு விடுவதை அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். கரும்புக்கு ஓராண்டு, ஹேசலுக்கு 7 முதல் 10 ஆண்டு, அவ்வளவுதான் வேறுபாடு. விறகு, கரி, வேலிப் படல், கூடை எல்லாம் அதிலிருந்து வந்தன. காட்டை மொத்தமாக வெட்டுவதில்லை, ஆண்டுக்கு ஒரு பகுதி. ஆகவே எந்த ஆண்டு பார்த்தாலும் காட்டின் ஏதோ ஒரு மூலையில் வெயில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

வெட்டிய முதல் ஓரிரு கோடையில் தரைச் செடிகள் பூத்துக் குலுங்கும். பிறகு துளிர்கள் உயர்ந்து நிழல் மூடும். வுட் வெட்ச் போன்ற செடிகள் அந்தச் சில ஆண்டு இடைவெளிக்குள் பூத்து, காய்த்து, விதையைச் சிதறிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். வெட்ச் விதைகளுக்கு நீர் புகாத கெட்டித் தோல். அதனால் உடனே முளைக்காமல் மண்ணில் காத்திருக்க முடிகிறது.

20ஆம் நூற்றாண்டில் இந்தச் சுழற்சி நின்றது. நிலக்கரியும், பிறகு எண்ணெயும் எரிவாயுவும் விறகின் இடத்தைப் பிடித்தன. கூடைக்கும் படலுக்கும் வாங்குவார் இல்லை. 1919இல் வனவியல் ஆணையம் தொடங்கப்பட்டதும், குறிப்பாக இரண்டாம் உலகப் போருக்குப் பின், பழைய இலையுதிர் காடுகள் பலவற்றை அழித்து ஊசியிலை மரங்களை நட்டார்கள். ஊசியிலைத் தோட்டத்தில் ஆண்டு முழுவதும் இருட்டு. மிஞ்சிய காடுகள் கைவிடப்பட்டு மூடிக்கொண்டன. கூடவே மான்கள் பெருகின. பிரிட்டனில் இன்று ஆறு மான் இனங்கள். அவற்றில் சிவப்பு மான், ரோ மான் இரண்டு மட்டுமே அந்த மண்ணுக்குரியவை. காட்டை வெட்டினாலும், வேலி போடாவிட்டால் துளிரும் கொடியும் மானுக்கு இரை.

ஆகவே ‘காட்டைத் தொடாதே’ என்ற முழக்கத்தை இந்தச் செடியின் பெயரால் எழுப்ப முடியாது. புல்டோசர் தொட்டால் போய்விடும், உண்மை. ஐம்பது ஆண்டு யாருமே தொடாமல் விட்டாலும் அது போய்விடும். முதல் இழப்புக்குப் படம் உண்டு, செய்தி உண்டு. இரண்டாவது இழப்பு சத்தமில்லாமல் நடப்பதால் கணக்கிலேயே வருவதில்லை.

தொன்மைக் காடும் சாட்சிச் செடிகளும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1600ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து காடாக இருக்கும் நிலமே தொன்மைக் காடு. ஸ்காட்லாந்தில் அந்த எல்லை 1750. நம்பகமான வரைபடங்கள் கிடைக்கத் தொடங்கும் காலத்தை ஒட்டி வைத்த கோடு இது. கவனிக்க வேண்டியது: மரத்தின் வயது அல்ல, நிலத்தின் தொடர்ச்சி. காப்பிஸ் காட்டில் போன மாதம் வெட்டிய கட்டைகள் மட்டும் நின்றாலும் அது தொன்மைக் காடுதான். நூறாண்டு ஓக் மரங்கள் ஓங்கி நின்றாலும், 1850இல் கோதுமை வயலாக இருந்த நிலம் தொன்மைக் காடு அல்ல. பிரிட்டன் நிலப்பரப்பில் இத்தகைய காடு சுமார் 2.5 சதவீதமே.

வரைபடம் கிடைக்காத இடங்களில் செடிகள் சாட்சிக்கு வருகின்றன. புதிதாக உருவான காட்டுக்குள் சில செடிகள் மிக மெதுவாகத்தான் குடியேறும். அப்படிப்பட்ட பல இனங்கள் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால், அந்த நிலம் நெடுங்காலமாகக் காடாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். காட்டுச் சூழலியலாளர் ஜார்ஜ் பீட்டர்கன் 1974இல் லிங்கன்ஷயர் காடுகளை வைத்து இந்த முறையை வகுத்துக் காட்டினார். காடுகளின் வரலாற்றை ஆராய்ந்த ஆலிவர் ராக்கம் வரலாற்று ஆவணங்களோடு இதை இணைத்தார். பகுதிக்கு ஒரு பட்டியல் உண்டு, ஏனென்றால் ஈரமான மேற்கில் வெளியிலும் வாழும் செடி, வறண்ட கிழக்கில் காட்டுக்குள் மட்டுமே பிழைக்கும். வுட் வெட்ச் இங்கிலாந்தின் சில பகுதிப் பட்டியல்களில் இருக்கிறது.

எனினும் ஒற்றைச் செடி எதையும் நிரூபிக்காது. கூழாங்கல் திட்டில் படரும் வுட் வெட்ச்சைப் பார்த்து அங்கே காடு இருந்தது என்று வாதிட முடியுமா? எண்ணிக்கையும் கூட்டுச் சேர்க்கையும்தான் சாட்சியம். வுட் வெட்ச்சோடு வுட் அனிமோன், டாக்ஸ் மெர்குரி, புளூபெல் எனப் பத்துப் பதினைந்து இனங்கள் சேர்ந்தால் பேச்சு வேறு.

திட்ட அனுமதியில் இதன் எடை

இங்கிலாந்தின் தொன்மைக் காட்டுப் பட்டியல் 1981இல் தொடங்கப்பட்டது. 2 ஹெக்டேருக்குக் குறைந்த துண்டுகள் அப்போது விடுபட்டன. இப்போதைய திருத்தத்தில் 0.25 ஹெக்டேர் வரை சேர்க்கிறார்கள். இந்தச் சின்னத் துண்டுகளுக்குத்தான் செடிச் சாட்சியம் அதிகம் தேவைப்படுகிறது.

பட்டியலில் ஏறுவதால் என்ன கிடைக்கும்? இங்கிலாந்தில் கட்டுமான அனுமதிகளுக்கு வழிகாட்டும் தேசியத் திட்டக் கொள்கைச் சட்டகத்தின் 2012 வடிவத்தில், திட்டத்தின் பயன் இழப்பைவிடத் தெளிவாக மிகுந்தால் அனுமதிக்கலாம் என்று இருந்தது. 2018 திருத்தம் அதை இறுக்கி, ‘முற்றிலும் விதிவிலக்கான காரணங்கள்’ இருந்தாலொழிய மறுக்க வேண்டும் என்றது. காட்டின் எல்லையிலிருந்து குறைந்தது 15 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அரசின் நிலையான அறிவுரை. வுட் வெட்ச் வாழ்வது அந்த விளிம்பில்தான் என்பதை நினைவில் வைத்தால், 15 மீட்டர் என்ற எண் அதற்கு எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

களத்தில் பதிவு செய்யும்போது

1. செடியைப் பிடுங்கக் கூடாது. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி, நில உரிமையாளர் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பறிப்பது குற்றம். அரிய செடிக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் இந்த விதி.

2. படம் எடுப்பதானால் நான்கு: பூங்கொத்து முழுதும் பக்கவாட்டில், இலையின் நுனி, தண்டோடு சேர்ந்த இலையடிச் செதில், செடி நிற்கும் இடம். பூவை மட்டும் எடுத்த படத்தை வைத்து வுட் வெட்ச்சையும் ஒரோபஸையும் யாராலும் உறுதியாகப் பிரிக்க முடியாது.

3. நிழல் எவ்வளவு, சரிவு எந்தத் திசை, மேய்ச்சலின் தடயம் உண்டா, பக்கத்தில் என்ன இனங்கள் என்பதையும் எழுத வேண்டும்.

4. அந்த இடத்தில் கடைசியாக மரம் வெட்டியது எந்த ஆண்டு என்று விசாரிக்க வேண்டும். பலரும் விட்டுவிடும் கேள்வி இது. நிழல் மூடிய ஆண்டில் போன கணக்கெடுப்பாளர் ‘வுட் வெட்ச் இல்லை’ என்று எழுதிவிட்டு வந்திருப்பார். அதே இடத்தில் ஹேசலை வெட்டி, மான் நுழையாமல் வேலி கட்டினால், இரண்டு மூன்று கோடை கழித்து அடிக்கட்டைகளுக்கு மேல் வெள்ளைக் கொத்துகள் ஏறியிருக்கக் கூடும். அப்போது பழைய அறிக்கையின் ‘இல்லை’ என்ற சொல்லைத் திருத்தி, ‘அந்த ஆண்டு மேலே தெரியவில்லை’ என்று எழுத வேண்டிவரும்.